பீப்பாக் காணி

செட்டிகுளம்
11.02.1979

அன்புள்ள மகள் விமலேஸ்வரிக்கு,

உன் தை மாதக் கடிதம் கிடைத்தது. நீயும் மருமகன் கனகலிங்கமும் சுகமாக இருப்பதை அறிந்து மனம் ஆறினேன். என் முழங்காலைத் தவிர இங்கே மற்றெல்லாம் சுகம். மெல்லிய தாளில் இரண்டு பக்கமும் எழுதாதே என்று முன்பும் சொன்னேன். மை மறுபக்கத்தில் ஊறி, உன் மாணவர்களுக்கு வந்தது மலேரியாவா, பரீட்சையா என்று எனக்கு விளங்கவில்லை.

உன் சீதனக் காணி விசயத்துக்கு வருகிறேன். கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்களை அதில் குடியிருத்தும்படி எழுதினாய். காணி உன் பெயரில் இருக்கிறது. நீ சொன்னாய், நான் செய்தேன். போன ஆவணியில் ஏழு குடும்பங்கள் வந்தன. பற்றையை வெட்டி, கொட்டில் போட்டு, கச்சானும் மரவள்ளியும் வைத்தார்கள். வேலைக்குப் பின்நிற்கிற சனம் அல்ல. அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் ஊர் அதை ஏன் பீப்பாக் காணி என்று சொல்கிறது என்பதை நீயும் நானும் மறந்துவிட்டோம். யுத்தகாலத்தில் வெள்ளைக்காரப் படை அதை என் தகப்பனாரிடமிருந்து எடுத்து, தங்கள் விமானங்களுக்கு எண்ணெய் வைக்கும் இடமாக்கியது. போகும்போது, கொண்டுபோக முடியாத பீப்பாக்களைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, முட்கம்பியை மட்டும் மறக்காமல் கழற்றிக்கொண்டு போனார்கள். அவை மண்ணுக்குள் கிடந்து துருப்பிடித்து இப்போது ஒழுகுகின்றன. படை வெட்டிய பழைய கிணற்றைத்தான் குடிவந்தவர்கள் பாவித்தார்கள். மாரி முடிந்து தண்ணீர் தெளியும் என்று பார்த்தால், மேலே மயிற்கழுத்து நிறத்தில் ஓர் ஆடை படர்ந்திருக்கிறது. வாளியைத் தூக்கினால் பெற்றோல் மணம். சோறு, தேநீர், உடுப்பு எல்லாம் அதே மணம். பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றிப் புண்.

கந்தோருக்குப் போனேன். என் விண்ணப்பத்தை வாங்கிய கிளாக்கர் அதைப் படிக்காமலே சொன்னான்:

“அம்மா, அது ஆமிக் காணியெல்லோ?”

“எந்த ஆமி?”

“வெள்ளைக்கார ஆமி.”

“அவங்கள் போய் எவ்வளவு காலம், தம்பி?”

“அதுதானே அம்மா. கேக்கிறதெண்டால் அவங்களிட்டத்தான் கேக்கவேணும்.”

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவன் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து, எனக்கும் வேண்டுமா என்று கேட்ட பிறகுதான் எழும்பினேன். வீட்டுக்கு வந்து இலண்டனுக்கே ஒரு கடிதம் எழுதினேன். கன்னியாஸ்திரிகள் எனக்குச் சொல்லித்தந்த ஆங்கிலம் இன்னும் பழுதாகவில்லை என்பதாவது அவர்களுக்குத் தெரியட்டும்.

நீ இரசாயனம் படிப்பிக்கிறவள். என்ன செய்யலாம் என்று எழுது. ஒரு பக்கத்தில் மட்டும் எழுது.

உன் நலம் வேண்டும் அம்மா,
இராசநாயகி தில்லைநாதன்


லுசாக்கா
09.03.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன். தபால் செலவைப் பார்த்து இவர் பெருமூச்சு விடுகிறார். வந்தது மலேரியா, பரீட்சை இனிமேல்தான்.

அம்மா, பீப்பாக்கள் மண்ணுக்குள் கிடக்கும்வரை கிணற்றை எத்தனை தரம் இறைத்தாலும் பயனில்லை. முதலில் அவற்றைத் தோண்டி எடுக்கவேண்டும். எண்ணெய் ஊறிய மண்ணையும் அள்ளி, குளத்துக்குத் தண்ணீர் ஓடாத பக்கத்தில் மெல்லிதாகப் பரப்பி வெயிலில் விடுங்கள். நாளாக நாளாக மணம் குறையும். அதன் பிறகு கிணற்றை இறைத்து, அடிச் சேற்றை வாரலாம். அந்த இடத்தில் ஒருவரும் பீடி பற்றவைக்கக்கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே.

அதுவரைக்கும் அவர்கள் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது, குளிக்கவும் கூடாது. வேலிக்கு இந்தப் பக்கம்தானே எங்கள் வீட்டுக் கிணறு. அதில் அள்ளுகிறார்கள் என்று நினைக்கிறேன். அது எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு. ஏழு குடும்பம் அதற்கு ஒரு பொருட்டல்ல.

இங்கே மழை விட்டுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு இவர் ஒரு தைலம் அனுப்புகிறார். இங்குள்ள ஒரு கிழவி காய்ச்சியது. மணம் பொறுக்கமுடியாது, ஆனால் கேட்கும் என்கிறார்.

அன்பு மகள்,
விமலா


செட்டிகுளம்
02.04.1979

அன்புள்ள மகளுக்கு,

தைலம் வந்தது. போத்தலைத் திறந்ததும் தவராசா வீட்டை விட்டு வெளியே போய்விட்டான். வேலைக்காரனே ஓடுகிற மருந்தை நான் பூசமாட்டேன். மருமகனுக்கு என் நன்றியைச் சொல்.

பீப்பா தோண்டுவது வெடிக்கிற காரியமா என்று கேட்பதற்காக இன்னொரு கந்தோருக்குப் போனேன். அங்கேயிருந்த உத்தியோகத்தர் கதிரையில் சாய்ந்துகொண்டு, “வெடிக்குமெண்டு நினைக்கிறியளோ?” என்று என்னையே கேட்டார். எனக்குத் தெரியாது, அதனால்தான் வந்தேன் என்றேன். “அப்ப தோண்டிப் பாருங்கோ. ஏதும் நடந்தால் உடன வந்து அறிவியுங்கோ” என்றார். இப்படிப்பட்டவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், விமலா.

ஆகவே நாங்களே தோண்டினோம். வேலியோரம் கதிரை போட்டு, குடை பிடித்துக்கொண்டு நான் காவல் இருந்தேன். அவர்களுக்குள் ஆண்டியப்பன் என்று ஒருவன். மற்றவர்கள் அவன் சொல்லைத்தான் கேட்கிறார்கள். காலையில் வேலை தொடங்குமுன் அவனுடைய பீடிக்கட்டை வாங்கி என் சேலைத் தலைப்பில் முடிந்துவிடுவேன். மாலையில் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வான்.

“பீடி இல்லாம மண்ணு வெட்டறது கங்காணி இல்லாத வேல மாதிரிங்கம்மா. கையி நின்னு நின்னு போவுது.”

“கங்காணிதான் இஞ்ச இருக்கிறனே” என்றேன். அவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பீப்பாக்கள் உப்பிய வயிற்றோடு பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டுக் கிடந்தன. சில தூக்கும்போதே அடி கழன்று விழுந்தன. மிஞ்சியிருந்த எண்ணெயின் மணத்தில் குடைக்குள் இருந்த எனக்கே தலை சுற்றியது. பழைய இரும்பு வாங்குகிறவன் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஏற்றிப் போனான். மண்ணை நீ சொன்னபடி மேட்டில் பரப்பியிருக்கிறோம். நடுக் காணியில் வைத்த மரவள்ளி எல்லாம் இலை மஞ்சளாகிச் செத்துவிட்டது. கச்சான் முளைக்கவேயில்லை. ஓரங்களில் மட்டும் பச்சை.

இனிக் கிணறுதான். ஏரம்புவிடம் தண்ணீர் இறைக்கிற மெசின் இருக்கிறது. கேட்டேன். நெல்லுக்கு இறைக்கிறேன், பிறகு பார்ப்போம் என்கிறான். இலண்டனிலிருந்து பதில் இல்லை.

உன் சாப்பாட்டைக் கவனி. போன படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது.

உன் நலம் வேண்டும் அம்மா,
இராசநாயகி தில்லைநாதன்


லுசாக்கா
28.04.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் குடை பிடித்துக்கொண்டு காவல் இருந்ததை இவருக்கு வாசித்துக் காட்டினேன். படைக்குப் பதிலாக உங்களை அனுப்பியிருந்தால் யுத்தம் ஒரு வருடத்தில் முடிந்திருக்கும் என்கிறார். இவ்வளவு செய்திருக்கிறீர்கள். கந்தோர்கள் எல்லாம் கைவிட்ட வேலையைத் தனியே நின்று செய்வித்திருக்கிறீர்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. நீங்கள் எதையும் மறக்கிறவர் அல்ல. அந்தச் சனம் எங்கள் கிணற்றில் அள்ளுகிறார்களா?

ஆவணியில் விடுமுறைக்கு வர எண்ணியிருக்கிறோம். நாலு வருடத்துக்குப் பிறகு.

அன்பு மகள்,
விமலா


செட்டிகுளம்
20.05.1979

அன்புள்ள மகளுக்கு,

நீங்கள் வருகிற செய்தி என் வயிற்றில் பால் வார்த்தது. உன் அறைக்கு வெள்ளை அடிப்பிக்கிறேன்.

கேள்விக்குப் பதில் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அவர்கள் குளத்தில் அள்ளுகிறார்கள். தூரம்தான். பெண்கள் விடிய எழும்பிப் போய் வெயில் ஏறத் திரும்புகிறார்கள். என் படலையைக் கடந்துதான் போகவேண்டும், ஆகவே தினமும் பார்க்கிறேன். எனக்குக் கண் இல்லை என்று நினைக்காதே.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. பங்குனியிலேயே ஆண்டியப்பனின் மனைவி பேச்சியம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“குடங்களை வேலிக்கு அந்தப் பக்கம் வையுங்கோ. தவராசா அள்ளி ஊத்துவான். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா.”

அவள் இடுப்புக் குடத்தை மாற்றிக்கொண்டு, “ஊத்தி வாங்கிக்கிறதுக்குங்களாம்மா?” என்றாள்.

“ஏன், தண்ணி தண்ணிதானே?”

“தண்ணி தண்ணிதாங்க. தோட்டத்துல பீலியில ஓடுற தண்ணிய எங்க கையாலதான் புடிச்சோம். தொரைகூட ஊத்திக் குடுத்ததில்ல. கொளத்துக்கு நடந்துக்கிறோம்மா. காலு இருக்கு.”

இதற்கு நான் என்ன செய்ய? கொடுத்தால் வாங்குவதற்கும் ஒரு பணிவு வேண்டும். அந்தக் கிணற்றில் உன் அப்பா காலத்திலிருந்து வீட்டார் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. பிள்ளையார் கோயில் அபிஷேகத்துக்கு அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். நாளைக்கு ஐயர் எடுக்கமாட்டேன் என்று சொன்னால், ஊருக்கு நீ லுசாக்காவிலிருந்து பதில் சொல்வாயா? அதனால்தான் அவர்களுடைய கிணறு சுத்தமாகவேண்டும் என்று இந்த வயதில் கந்தோர் கந்தோராக அலைகிறேன். அவரவர் கிணறு அவரவருக்கு நல்லதாக இருந்தால் ஒருவருக்கும் மனக்குறை இல்லை.

மெசினுக்காக ஏரம்புவிடம் இதுவரை எத்தனையோ தரம் ஆள் அனுப்பிவிட்டேன். முதலில் நெல்லு என்றான். பிறகு பெல்ட் அறுந்தது என்றான். நேற்று, “அந்தச் சனத்துக்காண்டி என்ர மெசினைப் பழுதாக்கச் சொல்லுறியளோ அக்கா?” என்று கேட்டானாம். நானே நேரில் போகப்போகிறேன். என் முகத்துக்கு முன்னால் அப்படிச் சொல்லட்டும்.

உன் நலம் வேண்டும் அம்மா,
இராசநாயகி தில்லைநாதன்


லுசாக்கா
10.06.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனையைத் தொடவில்லை. கோபத்தில் எழுதினால் எழுத்துக் கோணும், நீங்கள் அதைத் திருத்துவீர்கள்.

அவள் ஏன் வாங்கமாட்டாள் என்று உங்களுக்கு விளங்கும். உங்களுக்கு ஒருவர் உயர நின்று ஊற்றினால் நீங்கள் வாங்குவீர்களா? நான் அவர்களை அங்கே குடியிருத்தச் சொன்னபோது காணியை மட்டும் கொடுக்கச் சொல்லவில்லை, அம்மா. தண்ணீர் இல்லாத காணி என்ன காணி? படலையைத் திறந்துவிடுங்கள். அவர்களே அள்ளட்டும். ஐயர் என்ன சொல்கிறார் என்பதை நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, இது படிப்பு சம்பந்தமானது, ஆகவே கோபம் இல்லாமல் கேளுங்கள். இரண்டு கிணறும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. அவர்களுடைய மண்ணில் எண்ணெய் இன்னும் இருக்கும். குடம் குடமாக எத்தனை பேர் அள்ளினாலும் எங்கள் கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மெசின் வைத்து அதை அடிவரை ஒருபோதும் இறைக்கவேண்டாம். அப்படி இறைத்தால் சுற்றியுள்ள நிலத்தடி நீர் எல்லாம் அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடிவரும். பீப்பாக் காணியின் எண்ணெயும் சேர்ந்து வரும். வந்தால் போகாது.

ஆவணிப் பயணத்துக்கு இடம் பதிந்துவிட்டோம்.

அன்பு மகள்,
விமலா


செட்டிகுளம்
19.06.1979

அன்புள்ள மகளுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். இருந்தாலும் நடந்ததை வேறு யாரும் எழுதுவதற்கு முன் நானே எழுதவேண்டும்.

ஏரம்புவின் வீட்டுக்கு நேரில் போய், அவன் வாசலில் இருந்துகொண்டு, மெசின் வராமல் எழும்பமாட்டேன் என்றேன். மறுநாள் வந்தான். பீப்பாக் காணிக் கிணற்றைப் பகல் முழுக்க இறைத்தோம். தண்ணீரைப் பற்றைப் பக்கமாக விட்டோம். அடியில் கறுப்புச் சேறு தெரிந்தது. அடுத்த நாள் காலை ஆண்டியப்பன் இறங்கி வாருவதாக ஏற்பாடு.

பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கவேண்டும் என்பது உனக்கும் தெரியும். விளக்கு அணைந்தால் நச்சுக் காற்று இருக்கிறது, இறங்கக்கூடாது. என் தகப்பனார் காலத்தில் அப்படிப் பார்க்காமல் இறங்கிய ஒருவனைப் பிணமாகத் தூக்கினார்கள். ஆகவே விளக்கு இறக்காமல் ஒருவரும் கயிற்றைப் பிடிக்கக்கூடாது என்று சொன்னேன்.

“காத்து அடிக்குதுங்கம்மா, ஒண்ணும் ஆவாது” என்றான் ஆண்டியப்பன்.

“ஆகாதெண்டால் இறக்கிப் பார்த்துப்போட்டு இறங்கு. முறை முறைதான்.”

ஏரம்பு தன் அரிக்கன் லாம்பைக் கொளுத்திக் கொடுத்தான். ஆண்டியப்பன் அதைக் கயிற்றில் கட்டி இறக்கினான். அவனுடைய பீடிக்கட்டு அப்போதும் என் சேலைத் தலைப்பில் இருந்தது. விளக்கும் நெருப்புத்தான் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. விளக்கு விளக்காக இருந்தது.

பாதிக்குமேல் இறங்கியிருக்காது. கிணறு ஒரு தரம் உறுமியது. நெருப்பு கிணற்றுக் கட்டுக்கு மேலே எழும்பி, ஆண்டியப்பனைப் பின்னால் தூக்கி எறிந்தது. கை இரண்டும், மார்பும், முகத்தில் ஒரு பக்கமும் எரிந்துவிட்டன. பேச்சியம்மா சேலையால் சுற்றி அணைத்தாள். தண்ணீர், தண்ணீர் என்று கத்தினார்கள். குளம் இருக்கிற தூரத்துக்கு யார் ஓடுவது? வேலியை முறித்துக்கொண்டு எல்லாருமாக அவனை எங்கள் கிணற்றடிக்குத் தூக்கிவந்தார்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. வாளி வாளியாக அள்ளி அவன்மேல் ஊற்றினார்கள். பெண்கள், பிள்ளைகள், எல்லாரும் கயிற்றைப் பிடித்தார்கள். நான் தடுக்கவில்லை. நானும் துவாய் கொண்டுவந்து கொடுத்தேன்.

வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏரம்புவின் ட்ராக்டரில் கொண்டுபோனோம். நானும் பின்பெட்டியில் ஏறி இருந்துகொண்டு போனேன். உயிருக்கு ஆபத்தில்லை என்று டொக்டர் சொன்னார். கை பழையபடி வருமா என்பதை இப்போது சொல்லமுடியாதாம். அவரிடம் நானே ஆங்கிலத்தில் கதைத்து, நல்ல கட்டில் ஒன்று கேட்டு வாங்கினேன்.

திரும்பி வந்தபோது கோயில் தர்மகர்த்தா வாசலில் நின்றார். நடந்ததை ஊர் அறிந்துவிட்டது. கிணறு இறைத்துத் துப்புரவு செய்யாமல் அபிஷேகத்துக்கு எடுக்கமுடியாது என்றார். இவ்வளவு கைபட்ட கிணற்றை அப்படியே வைத்திருக்க எனக்கும் மனம் வரவில்லை. ஏரம்புவின் மெசின் அங்கேயே நின்றது. நேற்று அதை வேலிக்கு இந்தப் பக்கம் இழுத்துவந்து, அடி தெரியும்வரை இறைப்பித்தேன். ஐயர் வந்து மஞ்சள் தெளித்துப் போனார்.

தண்ணீர் வாழைகளுக்குப் பாய்ந்து, மிஞ்சியது வாய்க்கால் வழியே வேலிக்கு அப்பால் ஓடியது. பேச்சியம்மாவும் மற்றப் பெண்களும் அந்த வாய்க்காலில் குந்தியிருந்து, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றினார்கள். மண் கலந்த தண்ணீர். அதையும் நான் தடுக்கவில்லை. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் எடுக்கட்டும் என்று தவராசாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. வரும் தேதியை எழுது.

உன் நலம் வேண்டும் அம்மா,
இராசநாயகி தில்லைநாதன்


லுசாக்கா
09.07.1979

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது.

அவர்களுடைய கிணற்றுக்கு மெசின் வர இரண்டு மாதத்துக்கு மேல் சென்றது. எங்களுடையதற்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. ஆண்டியப்பன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன்மேல் ஊற்றத் தண்ணீர் அள்ளியதால் கெட்டதாகிவிட்ட கிணற்றை அவன் மனைவியின் கண்ணெதிரே இறைத்து ஊற்றியிருக்கிறீர்கள். அவள் வாய்க்காலில் அள்ளியதைத் தடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் எப்படி எடுத்துக்கொள்ளவேண்டும்?

என் முந்திய கடிதம் இதற்குள் கிடைத்திருக்கும். அதில் எழுதியது நடக்காமல் இருக்கட்டும்.

ஆவணிக்கு வரவில்லை. பதிந்த இடத்தை இவர் இரத்துச் செய்துவிட்டார். நீங்கள் என்னைக் காரணம் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

விமலேஸ்வரி


செட்டிகுளம்
30.08.1979

அன்புள்ள மகள் விமலேஸ்வரிக்கு,

நீ ஆனி பத்தாந் தேதி எழுதிய கடிதம், கிணறு இறைத்த மூன்றாம் நாள் வந்தது. ஆடியில் எழுதியதும் வந்தது. இரண்டையும் படித்தேன். காரணம் கேட்கவில்லை.

நீ எழுதியதுபோலவே நடந்தது. முதலில் சோற்றில்தான் மணந்தது. தவராசா மண்ணெண்ணெய்க் கையோடு அரிசி கழுவினான் என்று அவனைப் பேசினேன். சத்தியம் பண்ணினான். பிறகு தேநீரில். பிறகு ஒருநாள் காலை கிணற்றை எட்டிப் பார்த்தேன். அதே மயிற்கழுத்து. கோயிலிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விட்டான். இப்போது அபிஷேகத்துக்கு ஏரம்பு வீட்டுக் கிணறு. அதில் யார் யார் கை பட்டதென்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

திரும்பவும் கந்தோருக்குப் போனேன். குழாய்க் கிணறு ஒன்று அடித்துத் தரும்படி கேட்டேன். அதே கிளாக்கர்தான். விண்ணப்பத்தை இம்முறை படித்தான்.

“இப்ப உங்கட கிணறும் பழுதோ, அம்மா?”

“ஓம்.”

“அப்ப ஆரின்ர பேரில போடுறது?”

பீப்பாக் காணிக் குடிகள், இராசநாயகி தில்லைநாதன் என்று இரண்டையும் எழுதச் சொன்னேன். அவன் என் பெயரை மேலே எழுதினான். நான் பேனையை வாங்கி அதை வெட்டிக் கீழே எழுதினேன். முதலில் கேட்டவர்கள் அவர்கள். வரிசை வரிசையாக இருக்கவேண்டும். வருகிற வருடம் பார்ப்போம் என்கிறார்கள். அந்த வருடம் எது என்று கேட்டதற்குக் கிளாக்கர் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். திங்கட்கிழமை திரும்பப் போகிறேன்.

ஆண்டியப்பன் திரும்பிவிட்டான். முகம் ஆறிவிட்டது. விரல்கள் மடங்கவில்லை. மண்வெட்டி பிடிக்கமுடியாது. அவனுடைய பீடிக்கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பற்றவைக்க முடியாமல் பேச்சியம்மாவிடம் நீட்டினான். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பற்றவைத்துக் கொடுத்தாள்.

ஏரம்பு ஒரு கிழமை முழுக்க வண்டியில் தண்ணீர் அனுப்பினான். பிறகு மாடு முடம் என்றான். தவராசா தங்கையின் கலியாணத்துக்கு நாயாற்றுக்குப் போனவன் இன்னும் வரவில்லை. இரண்டு நாள் இளநீரும் கடையில் வாங்கிய பாணுமாகச் சமாளித்தேன். மரத்திலும் காய் முடிந்தது. உனக்கு இரக்கம் வரவேண்டும் என்று இதை எழுதவில்லை. ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் காலை பேச்சியம்மா குளத்துக்குப் போகும்போது படலையடியில் நின்று கூப்பிட்டேன்.

“பேச்சியம்மா, வரேக்க எனக்கும் ஒரு குடம் கொண்டு வா.”

அவள் நின்றாள். “எங்கம்மா வைக்கணும்?”

“படலையடியில வை. நான் எடுக்கிறன்.”

“நெறகொடம் நீங்க தூக்க மாட்டீங்க.”

“ஊத்தி ஊத்தி எடுப்பன்.”

“கொண்டாந்தா குசினிக்குள்ள கொண்டாந்துதாங்க வைப்பேன். இல்லாட்டி வேணாம்மா. என்னால வேலிக்கு வெளிய வச்சிட்டுப் போவ முடியாது.”

குரலை உயர்த்தவில்லை. கேலியும் இல்லை. உள்ளதைச் சொல்லிவிட்டு என் பதிலுக்காக நின்றாள். நான் திரும்பி உள்ளே வந்துவிட்டேன். அன்று தைலப் போத்தலைத் தவிர வீட்டில் ஈரமான பொருள் ஒன்றும் இல்லை.

மறுநாள் வெயில் ஏறுமுன் படலையடியில் போய் நின்றேன். அவள் நிறைகுடத்தோடு வந்தாள். குசினிக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். உன் அப்பாவின் அம்மா இருந்திருந்தால் அந்தக் குசினியில் திரும்ப அடுப்பு மூட்டியிருக்கமாட்டார். நான் மூட்டினேன். பசித்தது.

குடத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். சாம்பல் பறந்து விழுகிற இடம். மூடியும் இல்லை.

“அது குடம் வைக்கிற இடமில்லை” என்றேன்.

“எது எடம்னு காட்டுங்க. நாளைக்கு அங்க வைக்கிறேன்.”

காட்டினேன். அப்போதும் மறுநாள் தன் விருப்பத்துக்கு ஜன்னலடியில்தான் வைத்தாள். அங்கே குளிர்ச்சியாக இருக்குமாம். இதைப்பற்றி எங்களுக்குள் தினமும் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. அவள் விட்டுக்கொடுக்கிறவள் அல்ல. படலையை இப்போது பூட்டுவதில்லை. அவள் வருகிற நேரத்தில் நான் சிலவேளை பூசையில் இருப்பேன்.

நீ வருவதும் வராததும் உன் விருப்பம். வருவதானால் தேதியை முன்கூட்டியே எழுது. குளத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும். மூன்று பேருக்கு எத்தனை குடம் வேண்டும் என்பதை நான் பேச்சியம்மாவிடம் கேட்கவேண்டும். அவளுக்கும் ஏழு வீட்டு வேலை இருக்கிறது. வந்தபிறகு அவசரமாகக் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவாள்.

உன் நலம் வேண்டும் அம்மா,
இராசநாயகி தில்லைநாதன்